நிறம் பார்க்க வாங்கிய கேமரா

செஞ்சி பஜாரில் எங்கள் ஜவுளிக்கடைக்கு வருகிறவர்கள் விலையை என் கணவரிடம் கேட்பார்கள், நிறத்தை என்னிடம் கேட்பார்கள். முப்பது வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. புடவை எடுத்து முடித்துவிட்டு, "இதுக்கு இன்னா கலர் ஜாக்கெட் எடுக்கலாம்க்கா?" என்று யாராவது கேட்டால், நான் அலமாரிக்குப் போய் ஒரே ஒரு துணியை உருவி வந்து புடவையின் மேல் வைப்பேன். இரண்டாவது துணியை எடுத்துக் காட்டும் வழக்கம் எனக்கில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன். என் கணவரைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்.

புகைப்படம் எடுக்க ஆரம்பித்ததும் கடைக்காகத்தான். ஊரடங்கில் கடையைத் திறக்க முடியாமல் இருந்தபோது வாடிக்கைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் புடவைப் படங்களை அனுப்பத் தொடங்கினோம். கடைக்குள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாப் புடவையும் காய்ச்சலில் படுத்து எழுந்தது மாதிரி இருக்கும். அதனால் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடியில் போட்டு எடுத்தேன். ஒரு நாள் சாயங்காலம் காற்றடித்துப் புடவை ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. போன் திரையில் புடவை இருந்த இடத்தில் ராஜகிரி மலை நின்றது. அதற்குள் என் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

அவலூர்பேட்டையிலிருந்து நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் அந்த மலை எங்கள் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. மழை வருமா என்று தெரிந்துகொள்ள அந்தப் பக்கம் பார்ப்பேன். கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஏறப்போய்ப் பாதியில் மூச்சு வாங்கி இறங்கிவிட்டேன். எனக்கும் மலைக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தபோது, நான் அங்கேயே தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாறைகள். லாரி அளவுக்கு ஒன்று, வீடு அளவுக்கு ஒன்று. ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு, ஒரு நுனியை மட்டும் ஊன்றிக்கொண்டு, இப்போது விழும் இப்போது விழும் என்று எத்தனை காலமாகவோ விழாமல் நிற்கிற பாறைகள். சாயங்கால வெயிலில் எல்லாம் தேன் நிறத்தில் இருந்தன. இதை யார் அடுக்கினார்கள் என்று குழந்தை மாதிரி மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். அறுபதை எட்டப்போகிற வயசில் ஒரு மனுஷிக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு நான் அடங்கவில்லை. கடை திறப்பதற்கு முன்னால் ஸ்கூட்டரில் கோட்டைப் பக்கம் போய்விடுவோம். அவர் கீழே மர நிழலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் போனும் கையுமாகப் பாறைகளைச் சுற்றி வருவேன். மற்றவர்கள் கோட்டைச் சுவரையும் கல்யாண மகாலையும் படம் எடுப்பார்கள். எனக்குப் பாறை போதும். காலையில் ஒரு மாதிரி, மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒரு மாதிரி, மேகம் மூடியபோது ஒரு மாதிரி. ஒரே பாறையை நாற்பது தடவை எடுத்திருப்பேன்.

"கல்லுக்கு எத்தினி போட்டோதான் எடுப்ப? அது இன்னா, கண்ண மூடிக்குதா?" என்பார் அவர்.

"நீங்க கல்யாணத்துல எல்லா போட்டோவுலயும் கண்ண மூடிக்கினு இருந்தீங்களே, அதுக்கு இது தேவலை" என்பேன் நான்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் விஷயம் நடந்தது. சிங்கவரத்தில் இருக்கிற டீச்சர் ஒருவர், பல வருஷமாக எங்களிடம்தான் துணி எடுப்பார். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு பதினோரு டீச்சர்களும் ஒரே மாதிரி பச்சைப் புடவை கட்டுவது என்று முடிவாகியிருந்தது. நான் மாடியில் ஒரு புடவையை எடுத்துப் படம் பிடித்து, 'கடல் பச்சை, பதினொன்றும் ஒரே டிசைனில் இருக்கிறது' என்று எழுதி அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது. கட்டிக் கொடுத்தனுப்பினோம். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது டீச்சர் கடைக்கு வந்தார். பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அக்கா, இது நீலமா இருக்குதே."

"படத்துல பாத்துட்டுத்தானம்மா சரின்னு சொன்ன?" என்றேன்.

"படத்துலயும் எனக்கு நீலமாத்தான் தெரிஞ்சுது. ஆனா நீங்க பச்சைன்னு எழுதியிருந்தீங்க. எங்க போன்லதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சிட்டோம். நிறத்துல நீங்க தப்பு பண்ண மாட்டீங்களே."

பதினோரு பேரும் தங்கள் கண்ணை நம்பாமல் என் எழுத்தை நம்பியிருக்கிறார்கள். இதில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. புடவையை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அது பச்சைதான். டீச்சருக்குக் கோபம் வரக் கூடாதே என்று என் கணவர் குறுக்கே வந்து, வேறு பதினோரு புடவை தேடிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அவர் தேடிக் கொடுத்த பச்சை எனக்குக் கொஞ்சம் பாசி பிடித்த மாதிரி தெரிந்தது. அதையும் சொன்னேன்.

நான் வந்த முடிவு இதுதான். என் கண்ணில் தப்பில்லை, புடவையில் தப்பில்லை, இடையில் இருக்கிற போன்தான் நிறத்தைத் திரித்து எல்லார் மனசிலும் ஒரு நீலத்தைப் பதித்துவிட்டது. படத்தில் நீலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நேரில் பார்த்தாலும் நீலமாகத்தான் தெரியும். நல்ல கேமரா ஒன்று வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இப்படி ஒரு விளக்கத்தை நான் எவ்வளவு சாமர்த்தியமாகக் கட்டியிருந்தேன் என்றால், என் கணவரால் பதில் பேச முடியவில்லை. பேச முடியாததற்குக் காரணம் அது இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரம் ஆராய்ச்சி நடந்தது. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கேமரா பற்றிய வீடியோக்களைப் பார்த்தேன். சென்சார் என்றால் என்ன, லென்ஸ் எப்படி இருக்க வேண்டும், வெளிச்சத்தின் நிறத்தைக் கேமராவுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மேகம் மூடிய நாளின் வெளிச்சம் வேறு, குண்டு பல்பின் வெளிச்சம் வேறு. அதற்கெல்லாம் எண் இருக்கிறது, அந்த எண்ணை மாற்றினால் படம் முழுவதும் மஞ்சளாகவோ நீலமாகவோ சாயும். வெள்ளை எது என்று நாம் சொன்னால்தான் கேமராவுக்கு மற்ற நிறம் புரியும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்த எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று மலைத்துப்போனேன். துணியில்தான் நிறம் இருக்கிறது என்றல்லவா விற்றுக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரியில் ஒரு கேமராக் கடைக்குப் போனோம். ஜவுளிக்கடைக்காரர்கள் கேமரா வாங்கப் போனால் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் கணவர் வெளியில் வைத்திருந்த கேமராவைத் தொடவே இல்லை. "மேல இருக்கறது வேணாம்பா, அடியில இருக்கற பீஸ எடு" என்றார். "ஒண்ணு காட்டினா எப்பிடி, நாலு காட்டு" என்றார். கேமராவை ஓரமாகத் தடவிப் பார்த்து, சாயம் போகுமா என்று கேட்காத குறை. நான் அதற்கும் மேலே. மஞ்சள் பையில் ஏழு துணித் துண்டுகள் கொண்டுபோயிருந்தேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ, வெங்காயச் சருகு, கிளிப்பச்சை, வெள்ளை, அப்புறம் டீச்சர் புடவையிலிருந்து வெட்டிய அந்தக் கடல் பச்சை. ஏழையும் கடை வாசலில் வெயில் விழும் இடத்தில் விரித்து, "இதைப் படம் எடுத்துக் காட்டுங்க" என்றேன்.

கடைக்காரர் பொறுமைசாலி. முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும். எடுத்துக் காட்டினார். நான் துணியைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். அச்சு அசலாக இருந்தது.

"பாருங்க, நல்ல கேமரான்னா இதுதான். இந்தப் பச்சை எவ்ளோ சரியா வந்திருக்குது" என்று என் கணவரிடம் சொன்னேன்.

"எந்தப் பச்சைம்மா?" என்றார் கடைக்காரர்.

நான் கடல் பச்சையைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் தயங்கினார். "அது நீலம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. துணியைப் பற்றி எனக்குக் கேமரா விற்கிறவரா பாடம் நடத்துவது? வாதாடினேன். அவர் கேமராவில் எதையோ அழுத்தி, அந்தத் துணியை மட்டும் கிட்டத்தில் எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தை வரவழைத்தார். அதில் மூன்று மேடுகள் இருந்தன. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துப் போட்டிருந்தது.

"இது கண்ணால பாக்கறது இல்லம்மா. எந்த நிறத்து வெளிச்சம் எவ்ளோ உள்ள வந்துச்சுன்னு கேமரா எண்ணிக் காட்டுது. பாருங்க, நீலம் எங்க நிக்குது, பச்சை எங்க நிக்குது."

நீல மேடு வலது ஓரத்தில் தள்ளி நின்றது. பச்சை மேடு நடுவில் கிடந்தது. "இந்த கேமரா ரிப்பேர்" என்றேன். இன்னொன்றை எடுத்தார். அதிலும் அப்படியே. மூன்றாவதாக அவருடைய சொந்த கேமராவை உள்ளே போய் எடுத்துவந்தார். அதிலும் நீலம் அதே இடத்தில்தான் நின்றது.

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கடையில் எந்தத் தகராறு வந்தாலும் அவர் என் பக்கம்தான் பேசுவார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீலந்தாம்மா" என்றார்.

கேமராவை வாங்கினோமா என்று எனக்கு அப்போது கவனமில்லை. அவர்தான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். திண்டிவனத்தில் பஸ் மாற வேண்டும். டீ வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்ப நான் ஜாக்கெட் துணி எடுத்துக் குடுத்ததெல்லாம்?"

"பில்லு போடறப்ப மாத்திடுவேன். கடைப் பொண்ணுக்கும் சொல்லி வெச்சிருக்கறேன்."

"வர்றவங்களுக்குத் தெரியுமா?"

அவர் எதிரே நின்ற பஸ்ஸின் போர்டைப் படிக்க ஆரம்பித்தார். தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வந்து, "இன்னா கலர்க்கா போடலாம்?" என்று கேட்டு, நான் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கல்லாப் பக்கம் போயிருக்கிறார்கள். டீச்சர் மட்டும்தான் வாட்ஸ்அப்பில் வாங்கியதால் இவர் கைக்குத் தப்பிவிட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானம் நான் பட்டதில்லை. அந்த பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நம்பமாட்ட. நம்பிட்டா அந்த சீட்டுல உக்கார மாட்ட. அப்பறம் கடையில நான் மட்டும் உக்காந்து இன்னா பண்றது?"

அவர் சொன்னபடியே நடந்தது. மறுநாளிலிருந்து நான் கடையில் என் இடத்தில் உட்காரவில்லை. யாராவது நிறம் கேட்டால் கடைப் பெண்ணிடம் கையைக் காட்டினேன். புதுக் கேமரா பீரோவில் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. கோட்டைப் பக்கமும் போகவில்லை. எனக்குப் பயம். கண்ணே போகப்போகிறது, டாக்டரிடம் போனால் அதைத்தான் சொல்வார் என்று பயம். நிறம் தெரியாமல் நான் யார் என்று ஒரு நாளில் பத்துத் தடவை யோசித்தேன். ஒரு மாசம் இப்படிப் போனது. கடைசியில் அவர் ஆட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "ஏறு" என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஏறிவிட்டேன்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "பயப்படாதீங்க. உங்க கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் பழுத்துப் போச்சு. புரை. பழுப்பு நிறமா மாறிட்டுது. அதுவழியா வர்ற நீலத்தை அது தடுத்துடுது" என்றார்.

லென்ஸா? மூன்று வாரம் லென்ஸ் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்தேனே, எனக்குள்ளேயே இரண்டு இருப்பதை நான் யோசித்ததே இல்லை. "அப்ப கேமராவுல எடுத்த படம் எனக்குச் சரியாத்தானே தெரிஞ்சுது? துணியும் படமும் ஒண்ணா இருந்துச்சே" என்று கேட்டேன்.

"படத்தையும் அதே கண்ணாலதானே பாத்தீங்க?" என்றார் அவர்.

எத்தனை நாள் இதை நினைத்து நினைத்து வியந்திருப்பேன். உலகமும் மஞ்சள், அதைச் சரிபார்க்கிற படமும் மஞ்சள். எவ்வளவு நல்ல கேமரா வாங்கியிருந்தாலும், அந்தக் கடைக்காரர் மூன்று மேடுகளை எண்ணிக் காட்டாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

அறுவை செய்து லென்ஸை மாற்றிவிடலாம் என்றார்கள், முதலில் வலது கண். உள்ளே வைக்கப்போகும் லென்ஸில் எது வேண்டும் என்று கேட்டார்கள். மூன்று வகை காட்டினார்கள். என் கணவர் வழக்கப்படி, "வேற இருக்குதா?" என்றார். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

அறுவை முடிந்த மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது தலையணை உறை. அது வெள்ளையாக இருந்தது. இதைப் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். வெள்ளை என்று நான் அத்தனை வருஷமாக மடித்து விற்றுக்கொண்டிருந்தது மோர் நிறம். உண்மையான வெள்ளை அங்கே என் முகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதில் ஒரு துளி நீலம் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். அடுத்து என் கணவர். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பாதி நரை என்றல்லவா நினைத்திருந்தேன்.

"இன்னா அப்பிடிப் பாக்கற?" என்றார்.

"கெழவராயிட்டீங்களே" என்றேன். பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மா சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பஸ் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் நீல நிறத் தண்ணீர் டிரம் இருந்தது. அதைப் பார்த்து எனக்கு மூச்சு நின்றது. பிளாஸ்டிக் டிரம்மைப் பார்த்தா என்று கேட்காதீர்கள். அதற்கு முன்னால் அப்படி ஒரு நீலம் உலகத்தில் இல்லை, அல்லது எனக்கு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை, தார்ப்பாய், நிலக்கடலை வயலுக்கு மேலே இருந்த வானம், எல்லாம் இன்றைக்குத்தான் சாயம் தோய்த்து எடுத்தது போல ஈரமாக இருந்தன. யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, இதெல்லாம் உங்களுக்கு எப்போதுமே இப்படித்தான் தெரியுமா, தெரிந்துமா சும்மா இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாடி ஏறினேன். மலை வேறாக இருந்தது. தேன் நிறம் இல்லை. சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த பாறைகள். மழைத் தண்ணீர் வழிந்து வழிந்து உண்டான கறுப்புக் கோடுகளில் கூட ஒரு நீலம் படர்ந்திருந்தது. ஒவ்வொரு பாறைக்கும் அதனதன் நிறம். பிரமித்துப்போய் நின்றேன். அழக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், அதனால் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு ஒன்று தோன்றியது. வலது கண்ணைக் கையால் லேசாக மறைத்துக்கொண்டு, அறுவை செய்யாத இடது கண்ணால் பார்த்தேன். தேன் நிற மலை திரும்ப வந்தது. கையை மாற்றினேன், போய்விட்டது. மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரே இடத்தில் இரண்டு மலைகள். போனை எடுத்து நான் பிடித்த பாறைப் படங்களைப் புதுக் கண்ணால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சாம்பலும் இளஞ்சிவப்பும்தான் இருந்தன. தேன் நிறப் பாறை ஒன்றுகூட இல்லை. நான் எதற்கு ஆசைப்பட்டு இத்தனை காலை எழுந்து ஓடினேனோ, அது ஒரு படத்தில்கூட விழவில்லை. அது என் கண்ணுக்குள்தான் இருந்திருக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் இடது கண்ணையும் மாற்றிவிடுவார்கள். அதோடு அது எங்கேயும் இருக்காது.

மறுநாள் பீரோவைத் திறந்து கேமராவை எடுத்தேன். நோட்டைப் புரட்டி, வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்ணை மாற்றுவது எப்படி என்று பார்த்தேன். மாடியில் நின்று இடது கண்ணால் மலையைப் பார்ப்பேன். பிறகு அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் கேமராவின் திரையைப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாகும்வரை எண்ணை ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற மஞ்சள் ஏறியது. போதவில்லை. இன்னும் ஏற்றினேன். பழைய கண்ணில் ஒரு மங்கலும் இருந்தது, அதற்காக லென்ஸ் வளையத்தைத் துளி திருப்பி விட்டேன். தினமும் காலையில் கொஞ்ச நேரம் இதே வேலை. துணிக்குத் துணி நிறம் சேர்த்தவள் கண்ணுக்குக் கண் சேர்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் இவ்வளவு கவனமாக நிறம் பார்த்ததில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள், இடது கண்ணின் மலையும் திரையின் மலையும் பிசகில்லாமல் ஒன்றாகிவிட்டன.

இரண்டாவது அறுவைக்குக் கிளம்ப வேண்டிய காலை. என் கணவர் புறப்பட்டுத் தயாராகி மாடிக்கு வந்தார். நீல நிறச் சட்டை போட்டிருந்தார்.

"எட்டு மணி பஸ்ஸ விட்டா அப்பறம் ஒன்பதரைக்குத்தான். வா."

"செத்த அங்க நில்லுங்க" என்றேன். மலை அவருக்குப் பின்னால் வரும்படி நிறுத்தி ஒரே ஒரு படம் எடுத்தேன். எடுத்ததை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"என் சட்டை பச்சையா இருக்குது" என்றார்.

"ஆமா."

சட்டையைக் குனிந்து பார்த்தார். திரையைப் பார்த்தார். திரும்பி மலையைப் பார்த்தார்.

"இத்தினி நாளா உனக்கு இப்பிடியா தெரிஞ்சுது?"

"ஆமா."

அவர் தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக நான் எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு துணியையும் எனக்குத் தெரியாமல் மாற்றியவர், அந்தச் சின்னத் திரையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, சட்டைக் கையை, காலரை, பின்னால் இருந்த பாறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சைதாம்மா" என்றார் கடைசியில். "நீ சரியாத்தான் சொல்லியிருக்கற."

கீழே தெருவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.